கோடு தெரிகிறதா?

விரல் நுனியில் லேசாக ஒரு குத்து, ஒரு சொட்டு ரத்தம். அதைச் சின்னக் கண்ணாடிக் குழாயில் இருக்கும் கரைசலில் விட்டுக் குலுக்கி, ஐந்து நிமிடம் அப்படியே வைத்துவிடுகிறார்கள். பிறகு கறுப்புக் கோடுகள் போட்ட வெள்ளை அட்டை ஒன்றைக் குழாய்க்குப் பின்னால் பிடிக்கிறார்கள். கரைசல் தெளிந்த சிவப்பாக இருந்தால் கோடுகள் பளிச்சென்று தெரியும். கலங்கலாக இருந்தால் கோடு மறைந்துவிடும். மறைந்தால், அந்த ரத்தத்தில் அரிவாள் செல் இருக்கிறது என்று பொருள்.

நீலகிரி மாவட்டத்துக் கூடலூரில் யாரும் அதை அரிவாள் செல் என்று சொல்வதில்லை. ‘சிக்கிள் செல்’ என்றுதான் சொல்கிறார்கள். எழுதப் படிக்கத் தெரியாத பணியர் பழங்குடி வீட்டுப் பாட்டிக்கும் அந்தச் சொல் தெரியும். பேரனுக்கு அது இருக்கிறதா, மகளுக்கு இருக்கிறதா என்பதும் தெரியும். இந்தச் சொல் அந்த வீட்டுக்கு வந்து சேர்ந்த கதையை எழுத வேண்டும் என்று எனக்கு நெடுநாளாக ஆசை. அதை எழுதப் போனால் ஒரு சொட்டு ரத்தத்தின் பயணத்தையும், கூடலூர் என்ற சிறு ஊரில் ஆதிவாசிகள் தங்களுக்கென்று உண்டாக்கிக்கொண்ட ஆஸ்பத்திரியின் வரலாற்றையும் சேர்த்தே எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் நோயைப் பற்றிக் கொஞ்சம். நம் ரத்தத்துக்குச் சிவப்பு தரும் அணுக்கள் நடுவில் அமுங்கிய வட்டத் தட்டுப் போல இருக்கும். வளைந்து நெளிந்து எந்த நுண்குழாய்க்குள்ளும் புகுந்து வெளியே வந்துவிடும். அதற்குள் பிராணவாயுவைச் சுமக்கும் ஹீமோகுளோபினில், ஒரு சங்கிலியின் ஆறாவது கண்ணியில் இருக்க வேண்டிய குளுடாமிக் அமிலத்துக்குப் பதிலாக வாலின் வந்து உட்கார்ந்துவிட்டால், பிராணவாயு குறையும்போது அந்தப் புரதம் நூல் நூலாக ஒட்டிக்கொண்டு விறைக்கிறது. வட்ட அணு கதிர் அறுக்கும் அரிவாள் மாதிரி வளைந்து போகிறது. நெளியத் தெரியாத அணு நுண்குழாயில் சிக்கிக்கொள்கிறது. பின்னால் வருவதும் சிக்குகிறது. அந்த இடத்துக்கு ரத்தம் போகாது. எலும்புக்குள் வலி கிளம்பும். சாதாரணச் சிவப்பணு 120 நாள் வாழும். அரிவாள் அணு இரண்டு மூன்று வாரத்திலேயே உடைந்துவிடும். ஆகவே ரத்தசோகை, கண்ணில் மஞ்சள், களைப்பு. தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் இந்தக் கூறு வந்தால்தான் நோய். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் ஆள் நன்றாகவே இருப்பார். பிள்ளைகளுக்குக் கடத்துவார், அவ்வளவுதான்.

இப்படி ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவர்களுக்கு இன்னொரு பலன் உண்டு. மலேரியா அவர்களை எளிதில் கொல்லாது. ஏ. சி. ஆலிசன் என்ற மருத்துவர் 1954இல் கிழக்கு ஆப்பிரிக்காவில் பார்த்து இதைச் சொன்னார். மலேரியா மண்டிய காடுகளில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்களிடம் இந்தக் கூறு தங்கிப் பெருகியதற்குக் காரணம் இதுதான்.

ஊட்டியிலிருந்து கூடலூருக்குப் பேருந்தில் இறங்கிப் போனவர்களுக்கு அந்தப் பாதை நினைவிருக்கும். பைக்காரா தாண்டி நடுவட்டம். அங்கிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் சுற்றிச் சுற்றி இறக்கம். காதடைத்துத் திறக்கும்போது குளிர் போயிருக்கும், யூகலிப்டஸ் வாசம் போய்க் காப்பிச்செடி, மிளகுக்கொடி, ஈர மண் வாசம் வந்திருக்கும். இந்த மலையே மலேரியாவின் வரலாற்றில் ஒரு பக்கம். 1860களில் வெள்ளைக்காரர்கள் தென்னமெரிக்காவிலிருந்து சின்கோனா நாற்றுகளைக் கொண்டுவந்து நட்ட இடங்களில் நடுவட்டம் ஒன்று. நம் பெரியவர்கள் ‘கொயினா’ என்று சொன்ன கசப்பு மருந்து அந்த மரப்பட்டையிலிருந்து வந்தது. 1897இல் ரொனால்ட் ராஸ் ஊட்டிக்கு வந்து, சீகூர் இறக்கத்தில் உள்ள கல்லட்டிக்குப் போன சில நாளிலேயே மலேரியாவில் விழுந்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றில் அந்தக் கிருமியைக் கண்டுபிடித்தவரும் அவரே. மேலே உள்ளவர்கள் இறங்க அஞ்சிய அந்தக் காய்ச்சல் காட்டுக்குள் பணியரும் காட்டுநாயக்கரும் பெட்டக்குறும்பரும் முள்ளுக்குறும்பரும் இருளரும் காலங்காலமாகப் பிள்ளை பெற்று வாழ்ந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் ரத்தத்தில் இருந்த காவலை அப்போது யாரும் அறியவில்லை.

அரிவாள் வடிவ அணுவை உலகம் முதலில் கேள்விப்பட்டது 1910இல். சிகாகோவில் ஜேம்ஸ் ஹெரிக் என்ற மருத்துவர், கரீபியத் தீவான கிரனடாவிலிருந்து பல் மருத்துவம் படிக்க வந்திருந்த மாணவர் ஒருவரின் ரத்தத்தில் கண்டதை எழுதினார். நாற்பது ஆண்டுக்காலம் அது ஆப்பிரிக்க வழிவந்தவர்களின் நோய் என்றே கருதப்பட்டது. இந்தியாவில் அது உண்டு என்று தெரிந்தது 1952இல், அதுவும் நம் நீலகிரியில்.

ஹெர்மன் லேமன் ஜெர்மனியில் பிறந்த யூதர், ஹிட்லர் காலத்தில் இங்கிலாந்து வந்தவர். போர்க்காலத்தில் பிரிட்டிஷ் ராணுவ மருத்துவராக இந்தியாவில் இருந்து, பிறகு உகாண்டாவில் வேலை பார்த்தபோது சிக்கிள் செல்லில் ஆழ்ந்தார். மேரி கட்புஷ் ஆஸ்திரேலியப் பெண்; ரத்த வகைகளில் தேர்ந்தவர்; 1950இல் ‘டஃபி’ என்ற ரத்த வகையைக் கண்டறிந்தவர்களில் ஒருவர். இவர்கள் இருவரும் நீலகிரிப் பழங்குடிகளின் ரத்தத்தைச் சோதித்து, இருளரிடமும் குறும்பரிடமும் பணியரிடமும் சிக்கிள் செல் கூறு இருப்பதை 1952இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். அதே ஆண்டு அசாமின் தேயிலைத் தோட்டத் தொழிலாளிகளிடமும் அது இருப்பதாக வேறு இருவர் எழுதினார்கள். நாடு முழுவதும் இந்த நோயைப் பற்றி இன்றுவரை வந்துள்ள ஆய்வுகளுக்கெல்லாம் தொடக்கம் இந்த இரண்டு கட்டுரைகள்தாம்.

அப்போது லேமன் வேலை பார்த்த லண்டன் மருத்துவமனையின் பெயர் செயிண்ட் பார்த்தலோமியோ. ஊட்டியில் இருந்த பழைய பெரிய ஆஸ்பத்திரிக்கும் அதே பெயர்தான். எனக்கு இந்தப் பெயர்ப் பொருத்தம் மனதை விட்டுப் போவதேயில்லை. ஒரே பெயர் லண்டனிலும் இருந்தது, ஊட்டியிலும் இருந்தது. ரத்தத்தைப் பற்றிய செய்தி நீலகிரியிலிருந்து லண்டனுக்குப் போனது. ரத்தம் தந்தவர்களின் கைக்கு எதுவும் திரும்பி வரவில்லை.

லேமனைக் குறை சொல்லவில்லை. அன்றைக்கு இந்த நோய்க்குக் கொடுக்கப் பெரிதாக மருந்தும் இல்லை. அவர் தேடியது வேறு கேள்விக்கு விடை: ஆப்பிரிக்காவிலும் அரேபியாவிலும் இந்தியாவிலும் ஒரே கூறு எப்படி வந்தது, மனித இனங்கள் எந்த வழியாக நகர்ந்தன என்பது. அந்தக் கேள்வி பாடப்புத்தகங்களுக்குள் போயிற்று. மருத்துவக் கல்லூரிகளில் நீலகிரியின் பெயரை மனப்பாடம் செய்து தேர்வு எழுதினார்கள். ஆனால் ஒரு குறும்பர் பிள்ளை மழைக்காலத்து நடுராத்திரியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு அலறும்போது, இதற்குப் பெயர் இன்னது, கதகதப்பாக வை, தண்ணீர் நிறையக் கொடு, காய்ச்சல் கண்டால் உடனே தூக்கிக்கொண்டு வா என்று சொல்ல ஆள் இல்லை. நாற்பது ஆண்டு அப்படியே போயிற்று. இது என்னை உறுத்துகிறது. அறிவு இருந்தது; அதை ஆறேழு மைல் காட்டுப்பாதையில் சுமந்துகொண்டு போய்ச் சேர்க்க ஒரு ஆஸ்பத்திரி இல்லை.

அந்த நாற்பது ஆண்டில் கூடலூர் என்ன ஆனது என்று பார்க்க, கொஞ்சம் முன்னாலிருந்தே தொடங்க வேண்டும். தென்கிழக்கு வயநாடு என்று பேர் பெற்ற இந்தப் பகுதி 1877இல்தான் மலபாரிலிருந்து பிரித்து நீலகிரியோடு சேர்க்கப்பட்டது. நிலம் பெரும்பாலும் நிலம்பூர்க் கோவிலகத்தின் ஜென்மம், அதாவது பரம்பரை உடைமை. பணியர்கள் நிலத்தோடு சேர்த்துக் கைமாறியவர்கள். வயநாட்டு வள்ளியூர்க்காவுத் திருவிழாவில் அவர்களை ஆண்டுக் கூலிக்குப் பேசி முடித்த வழக்கம் பலரும் எழுதி வைத்த உண்மை. 1880ஐ ஒட்டித் தேவாலா, பந்தலூர்ப் பக்கம் தங்கம் என்று லண்டன் கம்பெனிகள் வந்து இறங்கி, இரண்டு மூன்று ஆண்டில் காணாமல் போயின. பிறகு காப்பி, அதன்பின் தேயிலை. விடுதலைக்குப் பின் டிடிடி தெளித்து மலேரியா அடங்கியதும் குடியேற்றம் பெருகியது. திருவிதாங்கூரிலிருந்து விவசாயிகள் வந்தார்கள். 1964ஆம் ஆண்டு சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பிய மலையகத் தமிழர்களுக்காக அரசுத் தேயிலைத் தோட்டங்கள் எழுந்தன. அதுவே இன்றைய டான்டீ. வந்தவர்கள் எல்லோரும் பாடுபட்டவர்கள்தாம், வேறு போக்கிடம் இல்லாதவர்கள்தாம். ஆனால் ஒவ்வொரு அலைக்கும் ஆதிவாசி இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளப்பட்டான். 1969இல் ஜென்ம ஒழிப்புச் சட்டம் வந்தது. அது நீதிமன்றங்களில் இழுபட்டுக்கொண்டே போக, பட்டா இல்லாதவர்கள் பட்டா இல்லாமலே நின்றார்கள்.

நாட்டின் மிக நலிந்த பழங்குடிகள் என்று அரசு வகைப்படுத்தியவற்றில் தமிழ்நாட்டுக்கு ஆறு. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்ற அந்த ஆறும் நீலகிரியில் உள்ளவை. கோத்தகிரியில் டாக்டர் எஸ். நரசிம்மன் 1958இலேயே நீலகிரி ஆதிவாசி நலச் சங்கத்தைத் தொடங்கி, காட்டுக்குள் நடந்து போய் வைத்தியம் பார்த்தார். பின்னாளில் பத்மஸ்ரீ பெற்றார். கூடலூர்ச் சரிவில் அப்படி ஒரு வேலை தொடங்க 1980கள் ஆயின.

1986இல் ஸ்டேன் தேக்கேக்கராவும் அவர் மனைவி மாரி மார்செல் தேக்கேக்கராவும் கூடலூரில் அக்கார்டு என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். முதல் வேலை மருத்துவம் அல்ல, நிலம். ஊர் ஊராகச் சங்கங்கள் உருவாகி ஆதிவாசி முன்னேற்றச் சங்கம் ஆயின. 1988 டிசம்பர் 5ஆம் தேதி பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஆதிவாசிகள் கூடலூர்த் தெருக்களில் ஊர்வலம் போனார்கள். எதிரே ஆள் வந்தால் பாதையை விட்டு இறங்கி ஒதுங்கிப் பழகிய ஜனம் அன்று நடுத்தெருவில் நடந்தது. ஆண்டுதோறும் அந்த நாளை இன்றும் கொண்டாடுகிறார்கள்.

ஆஸ்பத்திரியின் கதையை இந்த ஊர்வலத்திலிருந்துதான் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். சிகிச்சை இலவசமாகவே கிடைத்தாலும், அங்கே போய் நிற்கத் தைரியம் வேண்டும். அன்றைய ஆதிவாசிக்கு டவுனுக்கு வருவதே பெரிய காரியம். ஒரு நாள் கூலி போகும். பேருந்துக்குக் காசு வேண்டும். பேச்சு வேறு, பணியர் பேசுவது மலையாளச் சாயலில், பெட்டக்குறும்பர் பேசுவது கன்னடச் சாயலில். வெள்ளை உடை போட்டவர் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியாமல் தலை குனிந்து நின்று, திட்டு வாங்கி, சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே போவதென்று தெரியாமல் வீடு திரும்பியவர்கள் எத்தனையோ பேர். பிரசவத்தில் பெண்கள் இறந்தார்கள். வயிற்றுப்போக்கில் குழந்தைகள் இறந்தன. தடுப்பூசி போட்ட பிள்ளையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

1987இல் என். தேவதாசன், ரூபா தேவதாசன் என்ற இளம் மருத்துவத் தம்பதி அக்கார்டுக்கு வந்தார்கள். ஆஸ்பத்திரி கட்டவில்லை, ஊருக்குள் போனார்கள். ஆதிவாசிகளிலிருந்தே ஆண்களையும் பெண்களையும் தேர்ந்து சுகாதாரப் பணியாளராகப் பழக்கினார்கள். குழந்தையை எடை போடுவது, உப்புச் சர்க்கரைத் தண்ணீர் கலக்குவது, கர்ப்பிணியின் வயிற்றைத் தொட்டுப் பார்த்து மாதம் சொல்வது, காலில் வீக்கம் கண்டால் ஆபத்து என்று அறிவது, தடுப்பூசிக்கு ஊரைக் கூட்டி நிறுத்துவது. படிப்புக் குறைவானவர்கள் இதையெல்லாம் செய்வார்களா என்று கேட்டவர்கள் உண்டு. செய்தார்கள். தன் ஊர்க்காரி, தன் பேச்சில், தன் வாசலில் உட்கார்ந்து சொல்லும்போது கேட்காமல் இருக்க முடியாது.

ஆனால் பிரசவம் சிக்கலாகும்போது சுகாதாரப் பணியாளர் என்ன செய்வார்? ‘ஆஸ்பத்திரிக்குப் போ’ என்பார். எந்த ஆஸ்பத்திரிக்கு? இந்தக் கேள்வியைச் சங்கத்தில் எழுப்பியவர்கள் ஆதிவாசிகளே. நமக்கென்று ஒன்று வேண்டும் என்றார்கள். 1990இல் அஷ்வினி என்ற அமைப்பு பதிவானது. நீலகிரி மக்கள் நலவாழ்வுச் சங்கம் என்று அதன் ஆங்கிலப் பெயரைத் தமிழில் சொல்லலாம். அதே ஆண்டு கூடலூர் ஆதிவாசி ஆஸ்பத்திரி திறந்தது. அறுவை மருத்துவர் நந்தகுமார் மேனனும், பெண்கள் மருத்துவர் ஷைலா தேவியும் வந்து சேர்ந்தார்கள். கணவன் மனைவியான அவர்கள் சில மாதம் இருந்து பார்ப்போம் என்று வந்தவர்களைப் போல இல்லை. ஊரோடு ஊராக வேர் பிடித்துவிட்டார்கள்.

அங்கே நடந்ததில் என்னை மிகவும் நெகிழ வைப்பது நர்ஸுகளின் கதை. வெளியிலிருந்து பட்டம் பெற்றவர்களைக் கொண்டுவந்து நிரப்பியிருக்கலாம். அப்படிச் செய்யாமல், பள்ளிப்படிப்பைப் பாதியில் விட்டிருந்த ஆதிவாசிப் பெண்களை எடுத்து அங்கேயே பழக்கினார்கள். ஊசி போட, ரத்த அழுத்தம் பார்க்க, பிரசவம் பார்க்க, அறுவை அரங்கில் கருவிகளை எடுத்துத் தர, ஆய்வகத்தில் நுண்ணோக்கியில் கண் வைக்க. உள்ளே நுழையும் நோயாளி முதலில் பார்ப்பது தன் இனத்துப் பெண்ணின் முகம். சேச்சி என்றோ அக்கா என்றோ கூப்பிடலாம். எங்கே உட்கார வேண்டும், எந்தக் கதவைத் தள்ள வேண்டும் என்று கூச்சமில்லாமல் கேட்கலாம். அஷ்வினியின் நிர்வாகக் குழுவிலும் பெரும்பான்மை ஆதிவாசிகளாக ஆனது பிறகு. மற்றச் சமூகத்தாருக்கும் அந்த ஆஸ்பத்திரி கட்டணத்துக்கு வைத்தியம் பார்க்கிறது. ஆதிவாசி ஆஸ்பத்திரியில் நல்லா பார்ப்பாங்க என்று டவுன்காரர்கள் தேடிப் போவது கூடலூரில் பழகிப்போன காட்சி.

பணம்? நன்கொடை வந்தது. நன்கொடை ஒரு நாள் நிற்கும் என்பதும் தெரிந்திருந்தது. 1992இல் நியூ இந்தியா அஷ்யூரன்ஸ் என்ற அரசுக் காப்பீட்டு நிறுவனத்தோடு பேசி, சங்க உறுப்பினர்களுக்கு ஆஸ்பத்திரிச் செலவுக்கான இன்சூரன்ஸ் எடுத்தார்கள். மருத்துவக் காப்பீடு என்றால் அரசு ஊழியரும் பெரிய கம்பெனிக்காரரும் மட்டும் அறிந்த காலம் அது. தமிழக அரசின் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது 2009இல்தான். அதற்குப் பதினேழு ஆண்டு முன்பே பணியரும் குறும்பரும் இன்சூரன்ஸ் வைத்திருந்தார்கள். சங்கத்து ஆட்களும் சுகாதாரப் பணியாளர்களும் வீடு வீடாகப் போய்ப் பணம் வசூலித்தார்கள். 2003-04இல் ஆளுக்கு ஆண்டுக்கு 25 ரூபாய். நோயே வராதபோது எதற்குப் பணம் என்று கேட்டவர்களுக்கு, உன் பணம் இந்த வருஷம் அவனுக்குப் போகும், அவன் பணம் அடுத்த வருஷம் உனக்கு வரும் என்று சொல்லிப் புரிய வைக்க வேண்டியிருந்தது. காட்டில் எடுத்த தேனைப் பங்கிட்டு உண்ட சமூகத்துக்கு அது புரியாமல் போகவில்லை.

இதன் பலனை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். காப்பீடு உள்ள வீட்டார், இல்லாத வீட்டாரைவிட 2.2 மடங்கு அதிகமாக ஆஸ்பத்திரியில் சேர்ந்து வைத்தியம் பெற்றார்கள் என்று தேவதாசனும் உடன் உழைத்தவர்களும் 2010இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. வேறு ஊரில் இந்த எண்ணைப் படிப்பவர், காப்பீடு இருப்பதால் தேவையில்லாமல் படுத்துக்கொண்டார்கள் என்று நினைக்கக்கூடும். கூடலூரை அறிந்தவர் அப்படிப் படிக்க மாட்டார். முன்பு வீட்டிலேயே கிடந்து செத்தவர்கள் இப்போது படுக்கைக்கு வந்தார்கள் என்பதே அதன் பொருள்.

இப்படி ஒரு வாசல் திறந்த பிறகுதான், 1952இல் வெளியே போன செய்தி வீடு திரும்ப வழி கிடைத்தது.

மறுபடி மறுபடி வலியோடு வரும் பிள்ளைகள். கை கால் மூட்டு வீங்கியவர்கள். ரத்தம் எப்போதும் குறைவாகவே இருக்கும் கர்ப்பிணிகள். கண் மஞ்சளித்த இளைஞர்கள். இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தும் ரத்தம் ஏறாதவர்கள். அந்தந்த வீட்டில் இதற்கு ஒவ்வொரு காரணம் சொல்லப்பட்டது: காற்று பட்டது, தெய்வக் குற்றம், செய்வினை. வாத நோய் என்று வருஷக்கணக்கில் மாத்திரை தின்றவர்களும் இருந்திருப்பார்கள். 1990களில் நந்தகுமார் மேனனும் ஆஸ்பத்திரியில் உள்ளவர்களும் இந்த வலிகளுக்கெல்லாம் ஒரே வேர் என்று கண்டு, ரத்தத்தைச் சோதிக்கத் தொடங்கினார்கள். கோடு போட்ட அட்டை கலங்கிய குழாய்க்குப் பின்னால் மறைந்தது. அடுத்தது மின்புலத்தில் ஹீமோகுளோபினைப் பிரித்துப் பார்க்கும் சோதனை. கூறு ஒரு பக்கத்திலிருந்து வந்ததா, இரு பக்கத்திலிருந்தும் வந்ததா என்று அதில்தான் தெரியும்.

கண்டுபிடிப்பது எளிது. பிறகு அந்த ஆளை வாழ்நாள் முழுக்கக் கூடவே வைத்துப் பார்க்க வேண்டும், அதில்தான் பாடு அதிகம். தினமும் ஃபோலிக் அமில மாத்திரை. சின்னப் பிள்ளைகளுக்குப் பெனிசிலின், நிமோனியாத் தடுப்பூசி. வலி கிளம்பினால் நீரேற்றம், வலி மருந்து. ரத்தம் இறங்கிப் போனால் ரத்தம் ஏற்ற வேண்டும். பிறகு ஹைட்ராக்சியூரியா. இந்த மருந்தின் பயணமே தனிக் கதை. 1869இல் ஜெர்மனியில் ஒரு ஆய்வகத்தில் முதலில் தயாரானது. நூறு ஆண்டு கழித்து ரத்தப் புற்றுக்குக் கொடுத்தார்கள். சிக்கிள் செல் நோயாளிகளுக்கு வலி வருவதைப் பாதியளவு குறைக்கிறது என்று 1995இல் அமெரிக்க ஆய்வு காட்டியது. கருவில் இருக்கும்போது நம் எல்லோருக்கும் இருந்து, பிறந்தபின் அடங்கிவிடும் சிசு ஹீமோகுளோபினை அது மறுபடி எழுப்புகிறது. சிசு ஹீமோகுளோபின் கூடினால் அரிவாளாக வளைவது குறையும். ஆனால் இதைத் தின்பவர் அவ்வப்போது ரத்தச் சோதனைக்கு வந்தாக வேண்டும், வெள்ளையணு குறைகிறதா என்று பார்க்க. காட்டு ஓரக் காலனியில் இருக்கும் ஒரு காட்டுநாயக்கர் பிள்ளையை மாதாமாதம் வரவழைப்பது மாத்திரையால் ஆகிற காரியமில்லை. அதற்கு எருமாடு, அய்யன்கொல்லி, பொன்னானி, பட்டவயல், ஸ்ரீமதுரை என்று பரவிக் கிடக்கும் மையங்களும், அங்கிருந்து வீட்டு வாசல் வரை நடக்கும் சுகாதாரப் பணியாளரும் வேண்டும். 1987இல் தொடங்கிய நடை இந்த நோய்க்குத்தான் மிகவும் பயன்பட்டது என்று தோன்றுகிறது. இந்த முறையைக் குறித்த கட்டுரை 2014இல் குழந்தைகளின் ரத்த நோய்களுக்கான பன்னாட்டு இதழ் ஒன்றில் வெளிவந்தது. 1952இல் நீலகிரி ரத்தத்தைப் பற்றி உலகம் படித்தது. 2014இல் நீலகிரி வைத்தியத்தைப் பற்றி.

சங்கம் இதற்கிடையே மதுவனா என்ற தேயிலைத் தோட்டத்தையும் வாங்கியிருந்தது. தேயிலை நட்டதால் காட்டை இழந்த ஜனம், தேயிலைத் தோட்டத்துக்குச் சொந்தக்காரர்களாகி, அதன் வருமானத்தைத் தங்கள் படிப்புக்கும் வைத்தியத்துக்கும் திருப்பியது. இதைப் பற்றியே தனியாக எழுதலாம்.

2023 ஜூலை 1ஆம் தேதி மத்தியப் பிரதேசத்தின் ஷாடோலில் பிரதமர் தேசிய சிக்கிள் செல் ஒழிப்புத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். நாற்பது வயதுக்குட்பட்ட 7 கோடிப் பேரைச் சோதிப்பது, 2047க்குள் நோயை ஒழிப்பது என்பது இலக்கு. சோதித்தவர்களுக்கு அட்டை கொடுக்கிறார்கள். கல்யாணம் பேசும்போது இரு வீட்டாரும் அட்டையைப் பார்த்துக்கொள்ளலாம். நல்ல திட்டம், பல பத்தாண்டு தாமதமானாலும் வந்ததே. ஆனால் எனக்கு ஒரு பயம் இருக்கிறது. ரத்தம் எடுப்பதும் எண்ணிக்கை எழுதுவதும் அரசு இயந்திரத்துக்குக் கைவந்த வேலை. அட்டை கொடுத்துவிட்டு மாத்திரை கொடுக்க ஆள் வராவிட்டால், அது 1952ஐத் திரும்பச் செய்வதாகும், ஏழு கோடிப் பேர் அளவில். கல்யாணத்தில் அட்டை வெறும் தள்ளிவைக்கும் சீட்டாகிவிடக் கூடாது என்பதும் கவலை. கூறு உள்ளவர் நோயாளி அல்லர் என்பதை ஒவ்வொரு வீட்டிலும் பொறுமையாக உட்கார்ந்து சொல்ல வேண்டும்.

அதே 2023 நவம்பரில் பிரிட்டனும் டிசம்பரில் அமெரிக்காவும் காஸ்கெவி என்ற மரபணுச் சிகிச்சைக்கு அனுமதி தந்தன. நோயாளியின் ரத்த ஆதிச் செல்களை எடுத்து, அவற்றின் மரபணுவைத் திருத்தி, சிசு ஹீமோகுளோபினை விழிக்கச் செய்து திரும்ப ஏற்றுகிறார்கள். நோயிலிருந்தே விடுதலை தர முயலும் சிகிச்சை. விலை 22 லட்சம் டாலர், அன்றைய கணக்கில் சுமார் 18 கோடி ரூபாய். 25 ரூபாய் வசூலிக்க வீடு வீடாக நடந்த ஊரில் இந்தத் தொகையைச் சொன்னால் யாருக்கும் மனதில் உருவம் கொள்ளாது. ஆனாலும் ஒருநாள் அதுவும் இந்த மலைக்கு வந்து சேர வேண்டும். கொயினா ஒருநாள் வந்தது போல, ஹைட்ராக்சியூரியா வந்தது போல. அதை வாங்கி உள்ளே வைக்க ஒரு கதவு இங்கே திறந்திருக்கிறது.

தென்மேற்குப் பருவமழையில் தமிழ்நாட்டிலேயே அதிகம் நனையும் இடங்களில் ஒன்று தேவாலா. ஜூனில் பிடித்தால் வாரக்கணக்கில் விடாது. துணி காயாது, விறகு பிடிக்காது, சுவரில் கை வைத்தால் ஈரம். குளிரில் நுண்குழாய்கள் சுருங்கும், அரிவாள் அணுக்கள் அடைத்துக்கொள்ளும். சிக்கிள் செல் உள்ள பிள்ளைகளின் வீட்டில் இது பயப்படும் மாதம். ஸ்வெட்டர் இருக்கிறதா, தண்ணீரைச் சுட வைத்துக் குடிக்கிறானா, மழையில் நனைந்து பள்ளிக்கூடம் போனானா என்று கேட்டுக்கொண்டு ஒருவர் குடையை வாசலில் சாய்த்துவிட்டு உள்ளே வருவார். கேட்டு முடித்ததும் மாத்திரை அட்டையை வாங்கி அடுப்பு வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பார், எத்தனை குழி காலியாகியிருக்கிறது என்று விரலால் தொட்டுத் தொட்டு எண்ணியபடி.